பம்ப் போச்சு என்று சொல்வதற்கு முன்

காலை ஆறரை மணிக்கு வாய்க்காலில் இறக்கினால் ஒன்பதரை வரை வண்டி சொன்னபடி கேட்கும். பத்து மணிக்கு மண்ணோடு பக்கெட்டைத் தூக்கும்போதே கொஞ்சம் யோசிக்கும். பதினொன்று ஆனால் கரை ஏறச் சொன்னாலும் ஏறாது. இன்ஜின் சத்தம் மட்டும் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும், செயின் மெதுவாக, வேண்டா வெறுப்பாகச் சுற்றும். நிழலில் நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு எடுத்தால் மறுபடியும் அரை மணி நேரம் நன்றாக இருக்கும்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கும் ஓர் ஊர். வண்டி மூன்றரை டன் எடையுள்ள சின்ன எக்ஸ்கவேட்டர். எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் செயினில் ஓடினால் ஊரில் அதற்கு 'ஹிட்டாச்சி' என்றுதான் பெயர். இது 'சின்ன ஹிட்டாச்சி'. உடைமையாளர் 15 மா நிலம் வைத்திருக்கும் விவசாயி. பழைய வண்டியாக 9 லட்சத்துக்கு வாங்கியதில் பாதி, கூட்டுறவு சங்கத்தில் மனைவியின் நகையை வைத்து எடுத்தது. மறுபாதி மச்சினன் போட்டது. தென்னைக்குக் குழி, மீன் குட்டை, பண்ணைக் குட்டை, வாய்க்கால் தூர் என்று மணிக்கு ஆயிரம் ரூபாய் வாடகையில் ஓடிக்கொண்டிருந்தது.

மே மாதம் அதற்குப் பொன்னான மாதம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் சி, டி வாய்க்கால்கள் தூர் வாரியிருக்க வேண்டும். பெரிய ஆறுகளில் பெரிய இயந்திரங்கள் இறங்கும். வயலுக்குள் போகும் சின்ன வாய்க்காலுக்குப் பெரிய வண்டி போனால் கரையே இருக்காது. அதனால் ஊர்க்காரர்கள் மாவுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து இந்த வண்டியைத்தான் பேசியிருந்தார்கள். முன்பணமும் கொடுத்தாயிற்று. அந்த வேலையில் பாதி கூட முடியாத நிலையில்தான் வண்டி இப்படிப் படுத்தது.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் நடுப்பகலில் ஒரு கேஜை மாட்டினார். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டே பார்த்தார். முள் 150 கிலோவுக்கு மேல் ஏறவில்லை. "பம்ப் போச்சுங்க. புதுசு 1,85,000 ஆகும். ரீகண்டிஷன்னா 80,000, ஆனா கேரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டு, வந்த செலவுக்கு 1,500 வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு வீட்டில் நடந்த பேச்சை அதிகம் சொல்லத் தேவையில்லை. மச்சினன் பழியை ஓட்டுநர் பையன் மேல் போட்டான். "ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் வெச்சு ஓட்டுறான் மாமா. அவன்தான் பம்பைத் தின்னுட்டான்." பையனுக்கு 22 வயது. பக்கத்துத் தெருதான். 'எண்ணெய் மாத்தினதுக்கு அப்புறம்தாண்ணே இப்படி' என்று அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையில் அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மீதிச் சம்பளத்தையும் பிறகு தருகிறோம் என்றார்கள்.

பயிர் மஞ்சளாக நின்றால் அடுத்த மூட்டை யூரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே தவிர, ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்ப்பவர் எத்தனை பேர்? இயந்திரத்துக்கும் இதே கதைதான். விலை அதிகமான பாகத்தைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம்.

விவசாயிக்கு மனசு ஒப்பவில்லை. பம்புக்குப் பணம் புரட்டுவதற்கு முன் நாகூர் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தார். அறுவடை இயந்திரங்களில் ஹைட்ராலிக் வேலை பார்த்தே முடி நரைத்தவர். முழங்கால் வலியால் இப்போது வேலைக்குப் போவதில்லை. எல்லோருக்கும் அவர் 'பாய்'.

"காலையில வண்டி அனுப்புறேன் பாய், ஏழு மணிக்கு வந்துடலாம்."

"ஏழு மணிக்கு வந்து என்ன பண்றது தம்பி? காய்ச்சல் இருக்கும்போதுதானே டாக்டர் பாக்கணும். நீங்க ஆறரைக்கே வேலையை ஆரம்பிச்சுடுங்க. நான் வந்து முதல்ல பச்சையா ஒரு தடவை பாக்குறேன். அப்புறம் உக்காந்திருக்கேன். சூடு ஏறட்டும்."

பாய் கொண்டு வந்த சாமான்கள் அதிகம் இல்லை. 400 கிலோ வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று. அதை மாட்ட நாலைந்து நிப்பிள். ஒரு லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் வாளி. சுண்ணாம்புக் கட்டி. தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் துப்பாக்கித் தெர்மாமீட்டர். (கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும் உள்ளது. தொழிற்சாலைக்கென்று விற்பதை வாங்க வேண்டும்.) நேரம் பார்க்கக் கைபேசி போதும் என்றார்.

வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்விகள். எல்லா வேலையும் தளருதா, ஒண்ணு மட்டுமா? ஒரு பக்கச் செயின் மட்டும் இழுக்குதா? தூக்கி நிறுத்தின பூம் தானா இறங்குதா? பம்பிலிருந்து ஊளைச் சத்தம் வருதா? எண்ணெய் நுரைக்குதா?

இந்தக் கேள்விகள் சும்மா கேட்டவை அல்ல. பூம் மட்டும் தளர்ந்தால் அந்த சிலிண்டரின் சீலையோ அதற்கான வால்வையோ பார்க்க வேண்டும், பம்பை அல்ல. ஒரு செயின் மட்டும் சோர்ந்தால், அந்தப் பக்க மோட்டார் அல்லது மேல்கட்டுக்கும் அடிக்கட்டுக்கும் நடுவே எண்ணெயைக் கடத்தும் சுழல் இணைப்பின் சீல் என்று தேட வேண்டும். நுரையும் ஊளையும் இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று இழுக்கிறது, அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு லட்ச ரூபாய் செலவில்லை.

இங்கே ஊளை இல்லை, நுரை இல்லை. எல்லா வேலையும் சேர்ந்தே தளர்கிறது.

பச்சையாக இருக்கும்போது பாய் மூன்று நேரங்களைக் குறித்துக்கொண்டார். பக்கெட் தரையிலிருந்து முழு உயரம் போக மூன்றரை விநாடி. மேல்கட்டு ஒரு முழுச் சுற்றுக்கு ஆறரை விநாடி. பூமால் தரையை ஊன்றி ஒரு பக்கச் செயினை அந்தரத்தில் தூக்கி, பல் சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மூன்று சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று இரு பக்கமும் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிறகு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். விவசாயிதான் வண்டியை ஓட்டினார். பையன் ஓட்டினால் கரை சீப்பு வைத்து வாரியது மாதிரி இருக்கும். இவர் ஓட்டியதில் அப்படி இல்லை.

பதினொன்றே காலுக்கு அதே மூன்றையும் மறுபடி அளந்தார்கள். பூம் ஆறு விநாடி. மேல்கட்டுச் சுற்று எட்டரை விநாடி. செயின் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு மந்தம். முன்னால் இருக்கும் பிளேடு ஏறுவதும் மந்தம். இன்ஜின் சுற்று மட்டும் காலையில் இருந்த அதே அளவில் இருந்தது.

கடைசியாகச் சொன்னது முக்கியம். டீசல் ஃபில்டரோ ஏர் ஃபில்டரோ அடைத்து இன்ஜின் சோர்ந்தாலும் வண்டி இப்படித்தான் மெதுவாகும். லோடு விழும்போது இன்ஜின் முக்கி, கரும்புகை தள்ளி, சுற்று இறங்கினால் பம்ப் தன் வேலையைச் செய்கிறது, இன்ஜினால்தான் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் மாற்ற வேண்டிய இடத்தில் பம்ப் மாற்றியவர்கள் உண்டு. இந்த வண்டியிலோ லோடே இன்ஜினுக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கேயோ ஒழுகிப் போகிறது.

"பூம், செயின் எல்லாம் பிஸ்டன் பம்புல ஓடுது. ஸ்விங்கும் பிளேடும் தனியா கியர் பம்புல ஓடுது. ரெண்டும் ஒரே வாரத்துல செத்துப்போகுமா தம்பி? ஒரு கல்யாண வீட்டுல பத்து பேருக்கு வயிறு போச்சுன்னா, ஒவ்வொருத்தன் வயித்தையும் அறுத்துப் பாப்பீங்களா, சமையக்கட்டைப் பாப்பீங்களா?"

தெர்மாமீட்டரைத் தொட்டியின் பக்கம் காட்டினார். 98 டிகிரி. ஹைட்ராலிக் எண்ணெய் 80 டிகிரிக்குள் இருப்பதுதான் நல்லது. அதற்கு மேல் நாள் கணக்கில் ஓடினால் சீல்கள் வெந்து கெட்டியாகிவிடும்.

கேஜை மாட்டும் வேலை வந்தது. இங்கே பாய் காட்டிய கண்டிப்பை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைத்து இன்ஜினை நிறுத்தினார். சாவியை மட்டும் ஆன் செய்து எல்லா லீவர்களையும் நாலா பக்கமும் ஆட்டி உள்ளே தங்கிய அழுத்தத்தை இறக்கினார். தொட்டி மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விட்டார். அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். ஹோஸில் கசிவு தெரிகிறதா என்று கையால் தடவிப் பார்த்த விவசாயியை ஒரு அதட்டு அதட்டினார். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து 200 கிலோ அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தினது போலத்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். அப்படிக் குத்திவிட்டால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும்.

காலையில் பச்சையாக முழு ஆக்சிலேட்டரில், பூமைக் கடைசி வரை தூக்கி லீவரைப் பிடித்தபோது கேஜ் 270 கிலோ காட்டியிருந்தது. இப்போது சூட்டில் 240. ஐடிலில் வைத்தால் 150. டவுன் மெக்கானிக் பார்த்தது இந்தக் கடைசி எண்ணைத்தான். அது பொய் இல்லை, ஆனால் அது பாதிக் கதை. ஐடிலில் பம்ப் தள்ளும் எண்ணெயே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிட்டால் அழுத்தம் எங்கிருந்து வரும்? முழுச் சுற்றில் 240 வருகிறது என்றால் பலம் பெரிதாகப் போகவில்லை, போனது ஓட்டம். கேஜ் பலத்தைத்தான் காட்டும், வேகத்தைக் காட்டாது. வேகத்தைக் கைபேசிக் கடிகாரம்தான் காட்டியது.

270 என்ற எண்ணும் பாயை உறுத்தியது. கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளில் 250 என்றுதான் இருந்தது. ரிலீஃப் வால்வின் பூட்டு நட்டைப் பார்த்தார். பெயின்ட் உரிந்து, ஸ்பேனர் கடித்த தடம் பளபளவென்று இருந்தது. விற்றவர் வண்டி திடமாகத் தெரியட்டும் என்று வால்வைக் கொஞ்சம் இறுக்கி விட்டிருக்கிறார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்த நட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இறுக்கினால் ஓட்டம் கூடாது. பம்பும் ஹோஸும் தாங்க வேண்டிய சுமைதான் கூடும்.

அடுத்தது வாளி. பிஸ்டன் பம்புக்குள் கசியும் எண்ணெய் ஒரு சின்ன ஹோஸ் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். அந்த ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, தொட்டிப் பக்கத் துளையை அடைத்து, லோடில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதுதான் பம்பின் உண்மையான ரத்தப் பரிசோதனை. லீவரை ஒரேயடியாகப் பிடித்திருக்காமல் பத்துப் பத்து விநாடியாகப் பிடித்து ஆறு முறை சேர்த்தார்கள். நிமிடத்துக்கு 9 லிட்டர். அந்தப் பம்பின் மொத்த ஓட்டம் 75 லிட்டர். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தேய்ந்த பம்ப் என்பது பொதுவான கணக்கு. 9 லிட்டர் தாண்டிவிட்டது.

விவசாயியின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப பம்ப் போச்சா பாய்?"

"98 டிகிரியில புதுப் பம்பே கசியும். என்ன எண்ணெய் ஊத்தினீங்க, அதைச் சொல்லுங்க."

கொட்டகைக்குள் இரண்டு காலி வாளிகள் கிடந்தன. மேலே 32 என்று போட்டிருந்தது. மச்சினன்தான் வாங்கி வந்தது. கதவுத் தாளில் இருப்பது 46, வெயில் அதிகமான இடத்துக்கு 68. கடையில் 68 இருப்பில் இல்லையாம். 'இதுவும் ஹைட்ராலிக் ஆயில்தான், தண்ணி மாதிரி ஓடும், வண்டி வேகமாப் போகும்' என்று கடைக்காரர் சொன்னாராம்.

இந்த எண் என்ன என்று தெரியாமலேயே பலரும் எண்ணெய் வாங்குகிறார்கள். 40 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் அளவு அது. எண் கூடினால் கெட்டி. சூடு ஏற ஏற எந்த எண்ணெயும் இளகும். 32 எண்ணெய் நூறு டிகிரியை நெருங்கும்போது அதன் அளவு ஐந்தாறுக்கு இறங்கிவிடும். பிஸ்டன் பம்புக்குப் பத்துக்குக் கீழே போனால் ஆகாது. பிஸ்டனுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்காது, எல்லாம் பின்பக்கமே வழியும். வழியும் எண்ணெய் வேலை செய்யாமல் சூடாக மட்டும் மாறும். சூடு இன்னும் இளக்கும். இளகினது இன்னும் வழியும். கடுங்குளிர் நாட்டில் அதே 32 சரியான எண்ணெய். மே மாத வேதாரண்யம் சாலையில் அது சரிப்படாது.

ஆனால் எண்ணெய் மட்டும் இப்படிக் கொதிக்க வைத்திருக்காது. பாய் ரேடியேட்டர் பக்கத்து மூடியைத் திறக்கச் சொன்னார். ஆயில் கூலரின் இதழ்களுக்கு நடுவே பதரும் வைக்கோல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து வைத்துத் தைத்த மெத்தை போல இருந்தது. மாசியில் சம்பா அறுவடை நடந்த வயல்களுக்கு ஓரமாகத்தான் இந்த வண்டி வரப்பு வேலை செய்தது. பக்கத்தில் அறுவடை இயந்திரமும் வைக்கோல் கட்டும் இயந்திரமும் ஓடின. டெல்டாவில் ஓடும் எந்த வண்டியின் கூலரையும் அறுவடை முடிந்ததும் திறந்து பார்க்க வேண்டும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் அழுத்தத்தில் அடித்தால் இதழ்கள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

மறுநாள் எண்ணெயை இறக்கினார்கள். சிலிண்டர்களை எல்லாம் உள்ளே இழுத்து வைத்து இறக்கியும் 40 லிட்டர்தான் வந்தது. மீதி இருபது ஹோஸ்களிலும் சிலிண்டர்களிலும் தங்கிவிடும். அதனால் 50 மணி நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றச் சொன்னார் பாய். ரிட்டர்ன் ஃபில்டரை அறுத்து விரித்துக் காட்டினார். மடிப்புகளில் கரும்பொடி. வெயிலில் சாய்த்தால் அங்கங்கே பித்தளை நிறத்தில் மினுக்கம். காந்தத்தில் ஒட்டவில்லை.

"இது பம்போட சதை தம்பி. இந்தப் பத்து நாள்ல கொஞ்சம் தின்னுருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

68 ஊற்றி, புது ஃபில்டர் போட்டு, வால்வை 250-க்கு இறக்கி, நாள் முழுக்க ஓட்டி, நடுப்பகலில் மறுபடி எல்லாவற்றையும் அளந்தார்கள். தொட்டி 76 டிகிரி. பூம் நாலு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. வாளியில் 5 லிட்டர். காலை நேரத்தில் வண்டி முன்பிருந்த அளவு முரட்டுத்தனமாக இல்லை என்று விவசாயிக்குத் தோன்றியது. வால்வை இறக்கியதால் அப்படித்தான் இருக்கும், முன்பு இருந்ததுதான் பொய் என்றார் பாய். புதுப் பம்ப் மாதிரி ஆகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. "வயசாளி. ஆனா நடப்பாரு. ரெண்டு வருஷம் ஓடும்னு வைங்க, அதுக்குள்ள ரீகண்டிஷனுக்குப் பணம் சேத்துக்கங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இந்த வாளியைப் பிடிச்சுப் பாருங்க. 7 தாண்டினா எனக்குப் போன் பண்ணுங்க."

எண்ணெய், ஃபில்டர், பாய்க்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து 17,000 ரூபாய் ஆயிற்று. பாய் கேட்டது இரண்டாயிரம்தான்.

மச்சினன் காலி வாளிகளைப் பார்த்தபடி நின்றான். "எனக்கு என்ன மாமா தெரியும், கடைக்காரன் கொடுத்தான்" என்றான். உண்மைதான். அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் இருந்தான், அவனை அனுப்பிவிட்டார்கள்.

அன்று இருட்டிய பிறகு விவசாயி பக்கத்துத் தெருவுக்குப் போனார். மச்சினனையும் கூப்பிட்டார். அவன் வரவில்லை. பையன் திண்ணையில் உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றானே தவிர எதுவும் பேசவில்லை. அவனுடைய அம்மாதான் உள்ளிருந்து வந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். சம்பள பாக்கியை அவர் கையில் கொடுத்தார் விவசாயி.

"வண்டி சரியாயிடுச்சுப்பா. நீ சொன்னதுதான். எண்ணெய்தான்."

பையன் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான்.

"இப்ப என்ன நம்பர் ஊத்தியிருக்கீங்க?"

"68."

"கூலரைக் கழுவினீங்களாண்ணே?"

ஜூன் 12-க்கு இன்னும் 13 நாள் இருந்தது. மறுநாள் ஆறரை மணிக்கு வண்டியை எடுத்தது பையன்தான். கதவின் உட்பக்கம், அந்தத் தாளுக்குக் கீழே இப்போது பெயின்டில் அவன் எழுதி வைத்திருக்கிறான்: 'எண்ணெய் 68. மாற்றியது 4,912 மணி. அடுத்தது 4,962.'